அவர் பேரைச் சொன்ன நாள்

மாசி வெயில் காலை பத்து மணிக்கே பள்ளிக்கூட முற்றத்தில் இறங்கிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தப் பள்ளிக்கூடத்தின் பின்கட்டில்தான் பெண்களுக்கென்று தனி ஓட்டுச்சாவடி போட்டிருந்தார்கள். வன்னியம்பட்டியிலிருந்து மூன்று கூண்டு வண்டிகளில் பெண்களை ஏற்றிக்கொண்டு நான் வந்து இறங்கியிருந்தேன். எல்லோர் தலையிலும் பூ, எல்லோர் நெற்றியிலும் புதுக் குங்குமம். கோயிலுக்கு வந்த கூட்டம் என்று நினைத்து ஒரு வளையல்காரர் கூடையை இறக்கி வைத்தார். விஷயம் தெரிந்ததும் முகத்தைச் சுருக்கிக்கொண்டு தூக்கிப் போய்விட்டார்.

முதலில் உள்ளே போனவள் வீரம்மாள். எங்கள் கூட்டத்தில் அவள்தான் வாய்க்காரி. போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"என்ன வீரம்மா, போட்டாச்சா?"

"போடவா? அந்த ஆபீசருக்குக் கொஞ்சமாச்சும் வெக்கம் இருக்கா தாயி? எம் புருசன் பேரை என்னையவே சொல்லச் சொல்லுதான்!"

வரிசையின் பின்னாலிருந்து யாரோ ஒருத்தி "அய்யய்யோ" என்றாள்.

மூன்று மாதமாக அந்தப் பெண்களுக்கு எதையெல்லாமோ சொல்லிக் கொடுத்திருந்தேன். இதை மட்டும் நினைக்கவே இல்லை. என்னை நம்பி இந்த வேலையை ஒப்படைத்தவர் உள்ளே ஆபீசர் மேஜைக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் தேர்தலில் நிற்கிற அபேட்சகர். என் வீட்டுக்காரர்.

இரண்டு தோல்விகள்

இந்தத் தொடரை முந்தைய வாரங்களில் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். புதிதாகப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன்.

அவருக்குச் சொந்த ஊர் ராஜபாளையம். வக்கீல் தொழில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில். நான் தளவாய்புரத்துப் பெண். கல்யாணமான புதிதில் தாலுகா போர்டுக்கு நின்று ஜெயித்தார். இரண்டு கிணறு வெட்டினார், ஒரு ரோடு போட்டார். அந்த ருசி அவரை விடவில்லை. சென்னைச் சட்டசபைக்கு நிற்கப் போகிறேன் என்றார். நின்றார், தோற்றார். சில வருஷம் கழித்து மறுபடியும் நின்று மறுபடியும் தோற்றார்.

இரண்டு தடவையும் எதிரே நின்றவர் ஒரே ஆள்தான், பெரிய மிராசுதார். அவருக்கு மோட்டார் இருந்தது, நல்ல குரலும் இருந்தது. எங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டும் இல்லை. மேடையில் பேசினால் மூன்றாவது வரிசைக்கு மேல் கேட்காது. கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் முந்தானையை ஆட்டினால் சத்தமாகப் பேச வேண்டும் என்று எங்களுக்குள் ஏற்பாடு. தளவாய்புரத்துக் கூட்டத்தில் நான் முந்தானையால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினார், பாவம். வீட்டுக்கு வந்து சுக்குக் கஷாயம் குடித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இரண்டாவது தோல்விக்குப் பிறகு ஒரு வாரம் அவர் கோர்ட்டுக்குப் போகவில்லை. ராஜபாளையத்தில் மாந்தோப்புக்குப் போய் ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சாப்பாட்டைத் தூக்குவாளியில் கொண்டுபோனால் பாதி அப்படியே திரும்பி வரும். எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தவர், "இன்னும் ஒரே தடவை. அதுவும் போச்சுன்னா இந்தக் கறுப்புக் கோட்டோட கிடந்துக்கிடுதேன்" என்றார்.

அந்த ஒரே தடவைதான் இந்தத் தேர்தல். கதர்க் கட்சியில் அவருக்கு இடம் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்கு மஞ்சள் பெட்டி, மிராசுதாருக்குப் பச்சைப் பெட்டி. அப்போதெல்லாம் சீட்டில் முத்திரை குத்துகிற வேலை ஓட்டுப் போடுகிறவருக்கு இல்லை. திரைக்குப் பின்னால் வர்ணம் பூசிய பெட்டிகள் இருக்கும். யாருக்கு வேண்டுமோ அவருடைய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும்.

இன்ன அளவுக்குத் தீர்வை கட்டுகிறவர் என்றால் அவர் மனைவிக்கும் ஓட்டு உண்டு என்று புதிதாகச் சட்டம் வந்திருந்தது. "பொம்பளை ஓட்டை நீ பாத்துக்கோ. அது நம்ம பக்கம் வந்தா நான் கரையேறிருவேன்" என்றார் அவர்.

பார்த்துக்கொண்டேன். மண்ணெண்ணெய் டின்களின் மேல்பக்கம் கீறி, ஒன்றுக்கு மஞ்சளும் ஒன்றுக்குப் பச்சையும் பூசினேன். வன்னியம்பட்டிக் களத்தில் பழைய சேலையைத் திரையாகக் கட்டி ஒத்திகை நடத்தினேன். சீட்டைப் பெட்டியின் தலையில் வைத்துவிட்டுக் கும்பிடக் கூடாது, துளைக்குள் போட வேண்டும். பூ வைக்கக் கூடாது. பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கூடாது. ஒருத்தி மட்டும் ஒவ்வொரு தடவையும் பச்சை டின்னிலேயே போட்டாள். "அதுல யாருமே போடலியே, பாவமா இருக்கு" என்றாள். அந்தப் பாவத்தை அவள் மனசிலிருந்து எடுக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

இத்தனை யோசித்தவளுக்கு, புருஷன் பேரைக் கேட்பார்கள் என்று தோன்றாதா என்று நீங்கள் கேட்கலாம். தோன்றவில்லை. ஒரு பெண்ணிடம் போய் யாராவது அதைக் கேட்பார்கள் என்றே எனக்குத் தெரியாது.

தண்ணி விழுமே, அந்த அருவி

அவர் பேர் குற்றாலநாதன். எழுதும்போது இன்றைக்கும் என் கை நின்று நின்றுதான் போகிறது.

பேர் அப்படி அமைந்ததால் ஊர்ப் பேரும் எனக்கு விலக்காகிவிட்டது. ஆனி, ஆடியில் சாரல் தொடங்கி ஊரே குற்றாலத்துக்குக் கிளம்பும். நான் மட்டும் "அருவிக்குப் போறோம்" என்பேன்.

"எந்த அருவி?" என்று வேண்டுமென்றே கேட்பார்.

"தண்ணி விழுமே, அந்த அருவி."

"ஏட்டி, எல்லா அருவியிலயும் தண்ணிதான் விழும். பேரு என்ன?"

நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அருவியில் நனைந்த தலையோடு, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே அவர் மறுபடியும் கேட்பார். அந்த நடுக்கமும், அவர் துண்டில் வருகிற ஈர வாசனையும் இப்போது கிடைக்குமானால் நான் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

பேரைச் சொல்லாததற்கு வெட்கம் பாதிக் காரணம். மீதி பயம்.

என் அக்கா சேத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். ஒரு நாள் கிணற்றடியில் புருஷனோடு வாய்ச்சண்டை முற்றி, ஆத்திரத்தில் அவர் பேரைச் சொல்லித் திட்டிவிட்டாள். தெருவே கேட்டது. அந்த ஐப்பசியில் ஊருக்குள் வாந்திபேதி வந்து அத்தானைக் கொண்டுபோயிற்று. அதே தெருவில் இன்னும் ஏழெட்டுப் பேர் போனார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் யாரும் பேரைச் சொன்னவர்கள் இல்லை. ஆனாலும் அக்காவைத்தான் எல்லோரும் சொன்னார்கள். அவளும் அதையே நம்பினாள். "என் வாய்தான் அவியளைக் கொண்டுபோச்சு" என்று என் மடியில் விழுந்து அழுதாள்.

நான் தினசரி பேப்பர் படிக்கிறவள். அத்தானைக் கொன்றது வாந்திபேதி என்று எனக்கு நன்றாகத் தெரியும். அக்காவின் வெறும் நெற்றியைப் பார்க்கும்போது மட்டும் அந்தத் தெளிவு எங்கே போகும் என்று தெரியாது.

மேஜைக்கு முன்னால்

வரிசை கலையத் தொடங்கியது. "வண்டியைப் பூட்டச் சொல்லுங்க, போயிருவோம்" என்று இரண்டு பேர் கிளம்பியே விட்டார்கள். அவர்களை நிறுத்தி வைத்துவிட்டு நான் உள்ளே போனேன்.

ஆபீசர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், மூக்குக் கண்ணாடி போட்டவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். "லிஸ்டில் இன்னார் சம்சாரம்னுதான் போட்டிருக்கும்மா. இன்னார்னு அவங்க சொல்லலைன்னா, வந்திருக்கறது யார்னு நான் எப்படி நிச்சயம் பண்றது?" என்றார்.

"ஒருத்தி வீட்டுக்காரர் பேரை இன்னொருத்தி சொல்லட்டுமே" என்றேன். நாங்கள் வழக்கமாகச் செய்வது அதுதான். ஆபீசர் யோசித்தார். ஒப்புக்கொண்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் மிராசுதாரின் ஏஜெண்ட் எழுந்துவிட்டார்.

"ஆட்சேபம் இருக்கு சார். யார் ஓட்டோ, அவங்க வாயாலதான் சொல்லணும்."

சட்டம் அவர் பக்கம். ஆபீசர் கையை விரித்தார்.

பெண்களுக்கு உதவிக்கென்று அங்கே ஞானம்மாள் டீச்சரை உட்கார வைத்திருந்தார்கள். எனக்குப் பழக்கமானவள், கிறிஸ்தவப் பெண். என்னைச் சன்னலோரம் இழுத்துப்போய்க் காதோடு பேசினாள்.

"எங்க கோயில்ல கல்யாணத்தன்னிக்கே மாப்பிள்ளை பேரைச் சொல்லித்தான் வாக்குக் குடுக்கணும்க்கா. அம்புட்டுச் சனம் முன்னால நான் சொன்னேன். இருபது வருசமாச்சு. அவிய கல்லு மாதிரி இருக்காவ."

"அதுக்குப் பொறவு எப்பவாச்சும் சொன்னியா?"

"சீ! அதுக்குப் பொறவு எதுக்குச் சொல்லணும்?" என்று டீச்சர் முகம் சிவந்தாள்.

வாசலில் வீரம்மாள் தலையை நீட்டினாள். "நீங்க சொன்னா நாங்களும் சொல்லுதோம் தாயி. நீங்க சொல்லாததை எங்களைச் சொல்லச் சொல்லாதீய." அவள் சொன்னதில் என்ன தப்பு?

மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். ஆபீசர் என் பேரைப் பட்டியலில் தேடி எடுத்துவிட்டு, "உங்க புருஷர் பேர்?" என்றார். புருஷர் நாலு அடி தூரத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அருவிக்கரையில இருக்கிற சாமி பேரு" என்றேன்.

ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார். "எந்த அருவிம்மா?"

ஏஜெண்ட் சிரித்துவிட்டார். எனக்குக் காது மடல் எரிந்தது. அப்போதுதான் என் வீட்டுக்காரர் பேசினார்.

"வேண்டாம். நீ வீட்டுக்குப் போ. ஓட்டுப் போனாப் போகுது."

கோபமாகச் சொல்லவில்லை, என் அக்காவை நினைத்துச் சொன்னார். அக்கா என் மடியில் விழுந்து அழுததை அவர் பார்த்திருக்கிறார். நான் திரும்பிப் போனால் மூன்று வண்டிப் பெண்களும் கூடவே போய்விடுவார்கள். அவர் மறுபடியும் அந்தக் கயிற்றுக் கட்டிலுக்குப் போவார், இந்தத் தடவை எழுந்து வர மாட்டார். இதெல்லாம் தெரிந்தே, என் பயத்துக்காகத் தன் தேர்தலை அவ்வளவு சுலபமாகக் கீழே வைத்துவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அழுகையோடு கோபமும் வந்தது. போனாப் போகுதாமே! வன்னியம்பட்டி வெயிலில் நான் டின்னுக்கு வர்ணம் பூசியது போனால் போகிறது என்பதற்காகவா?

தாலியை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"குற்றாலநாதன்" என்றேன்.

தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. முற்றம் வரைக்கும் கேட்டிருக்கும். அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. "உட்காருங்க சார்" என்று ஆபீசர் சொல்ல வேண்டியிருந்தது.

சீட்டை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனேன். மஞ்சள் பெட்டி முன்னால் நின்றபோது துளையே தட்டுப்படவில்லை. அவர் ஆயுசை நான்தான் குறைத்துவிட்டேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. வெளியே வந்தபோது அதற்குள் வீரம்மாள் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"எழுதிக்கோ சாமி. மாடசாமி! போதுமா? இன்னொரு தடவை சொல்லட்டா?"

அதன் பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். ஒருத்தி சொல்லி முடித்ததும் தன் வாயில் தானே மூன்று தரம் போட்டுக்கொண்டாள். ராஜபாளையத்திலிருந்து வாழ வந்த தெலுங்கு வீட்டுப் பெண் ஒருத்தி "அம்மோ, அம்மோ" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, கடைசியில் ஒரே மூச்சில் கத்திவிட்டு ஓடினாள். துணைக்கு வந்து வேலிக்கு வெளியே வண்டிப் பக்கம் நின்ற புருஷன்மாருக்கு அவரவர் பேர் வரிசையாகக் கேட்டது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை என்று வண்டிக்காரர் பிறகு சொல்லிச் சிரித்தார்.

இன்னொரு தடவை

அவர் ஜெயித்தார். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. என் மூன்று வண்டிகளும் திரும்பிப் போயிருந்தால் ஜெயித்திருக்க மாட்டார் என்று ஏஜெண்டே சொன்னாராம்.

முடிவு தெரிந்த அன்று சாயங்காலம் கழுத்து நிறையச் செவ்வந்தி மாலையோடு வீட்டுக்கு வந்தார். மாலையைக் கழற்றக்கூட இல்லை. நேரே அடுக்களைக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னொரு தடவை சொல்லு."

"எதை?"

"அன்னைக்குச் சொன்னியே, அதை."

"போங்க அங்கிட்டு. நான் ஆண்டாளுக்கு வேண்டிக்கிட்டு வந்திருக்கேன், இனிமே சொல்ல மாட்டேன்னு."

அடுத்த பத்து வருஷமும் இதுதான் எங்களுக்குள் நடந்த வழக்கு. சட்டசபைக்குச் சென்னை போகும்போது ரயிலடியில் கேட்பார். திரும்பி வந்ததும் கேட்பார். சட்டசபையில் அவர் பேசியதைப் பேப்பரில் போட்டிருந்தால், அந்தப் பக்கத்தை என் முன்னால் விரித்து, "இதை மட்டும் படி" என்று தன் பேர் மேல் விரலை வைப்பார். நான் அடுத்த வரியிலிருந்து படிப்பேன்.

யுத்தம் வந்ததும் அவருடைய கட்சிக்காரர்கள் மந்திரி பதவிகளை விட்டு வெளியே வந்தார்கள். கொஞ்ச காலத்தில் இவரையும் பிடித்துக்கொண்டுபோய் ஜெயிலில் வைத்தார்கள். அங்கிருந்து எழுதிய ஒரு கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. "இங்கே என்னை நம்பர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பேர் மறந்துவிடும்போல இருக்கிறது. உறையின் மேல் டீச்சர் கையெழுத்தில் என் பேர் அழகாக இருக்கிறது. உள்ளே உன் கையெழுத்தில் அதைக் காணோம்" என்று எழுதியிருந்தார். உறையில் விலாசம் எழுத நான் ஞானம்மாளிடம்தான் போவேன். அதைக் கண்டுபிடித்துவிட்டார். பதில் கடிதத்தில் "அருவிக்கரைச் சாமிக்கு" என்று தொடங்கினேன். அவ்வளவுதான் எனக்குத் தைரியம்.

ஜெயிலில் இருந்து இளைப்பு நோயோடு வந்தார். யுத்தம் முடிந்து மறுபடியும் தேர்தல் வந்தது. இந்தத் தடவை அவரை எதிர்த்து ஆளே நிற்கவில்லை. ஊரெல்லாம் வெடி போட்டார்கள். அவர் மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"என்னங்க, போட்டியில்லாமல்ல ஜெயிச்சிருக்கீங்க?"

"அதான்ட்டி வருத்தம். போட்டின்னு ஒண்ணு இருந்தா ஓட்டுச்சாவடி இருக்கும். சாவடி இருந்தா நீ வந்து சொல்லித்தானே ஆகணும்?"

அதற்கு நான் சிரித்தேன். அவர் சிரித்தாரா என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் நினைவு வரவில்லை.

அந்தப் பதவிக் காலம் முடியும் வரை அவர் இருக்கவில்லை. மழைக்காலத்தில் இளைப்பு அதிகமாகிப் படுத்தார். நாலு தலையணை வைத்து உட்கார்த்தி வைத்திருந்தோம். ஒரு நாள் காலையில் நெஞ்சுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பவாச்சும் சொல்லேன்."

"எந்திரிச்சு நடமாடுங்க. அன்னைக்குச் சொல்லுதேன்."

சரி என்று தலையை ஆட்டினார். நான் சொல்லாமல் வைத்திருந்தால் அவர் இருப்பார் என்று நினைத்தேன். அந்த ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் பத்து வருஷம் அவரை ஏங்க வைத்தேன். மறுநாள் மத்தியானம் போய்விட்டார்.

பதினாறு கழிந்ததும் முனிசிபாலிட்டி குமாஸ்தா ரிஜிஸ்டரோடு வீட்டுக்கு வந்தார். "இறந்தவர் பேர்?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காக அவரே சங்கடப்பட்டார். ஊருக்கே தெரிந்த பேர் அது. என் கொழுந்தனார் சொல்வதற்கு வாயெடுத்தார்.

"நான் சொல்லுதேன்" என்றேன்.

சொன்னேன். குமாஸ்தா எழுதிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார். முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் இரண்டே தடவைதான் அவர் பேரைச் சொல்லியிருக்கிறேன். இரண்டு தடவையும் ரிஜிஸ்டர் வைத்திருந்த யாரோ ஒருவர் கேட்டுச் சொன்னேன். ஆசைப்பட்டுக் கேட்டவருக்கு ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அவருடைய ஆபீஸ் அறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தேன். சட்டப் புஸ்தகங்களின் வாசனை அப்படியே இருந்தது. மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். பிறகு கொஞ்சம் சத்தமாக. பிறகு, சாவடியில் சொன்னதைவிடச் சத்தமாக.

நாத்தனார் ஓடிவந்து, பழக்கத்தில், என் வாயைப் பொத்தினாள். அவள் கையை விலக்கினேன்.

"இனிமே என்ன ஆயிரும்ட்டி?" என்று கேட்டேன்.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.